கையேட்டில் உள்ளது லயத்துக்கு வரட்டும்

பள்ளிக்கூடம் மூடப்பட்டாலும் பாடம் நின்றுவிடக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. தொற்றுநோய் பரவினாலும், வெள்ளம் வந்தாலும், புகைமூட்டம் கண்ணை மறைத்தாலும் பிள்ளைகளின் படிப்பு தொடரத்தான் வேண்டும். அதற்காக அரசாங்கம் விதி வகுத்தால் அதை வரவேற்பது நம் கடமை. ஆனால் அந்த விதி யாருடைய வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது, அது யாரைக் கட்டுகிறது, யாரைக் கட்டாமல் விட்டுவிடுகிறது என்று கேட்பதும் நம் கடமையே. வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தல் என்று இன்று வழங்கும் முறையைப் பற்றி அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்புகிறோம்.

நடந்ததை முதலில் வரிசையாக நினைவுபடுத்திக் கொள்வோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடெங்கும் நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் சாத்தப்பட்டன. ஜூன் 24 முதல் பெரிய தேர்வு எழுதும் மாணவர்கள் முதலிலும், மற்றவர்கள் பின்னருமாகப் பள்ளிக்குத் திரும்பினார்கள். நவம்பர் 9ஆம் நாள் மறுபடியும் மூடல். 2021 ஜனவரி 20இல் புதிய தவணை பிறந்தபோது, தேர்வு வகுப்புகள் தவிர மற்றவர்களுக்கு வீடே பள்ளியாயிற்று. மார்ச் மாதம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைப் பார்த்தார்கள். மே மாதத்தில் மீண்டும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அக்டோபர் 3 முதல்தான் கதவுகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. 2020இல் முதலாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளையும் இப்படி வருவதும் போவதுமாகவே கழித்தது. இன்று அந்தப் பிள்ளை தொடக்கப்பள்ளியைக் கடக்கும் வயதுக்கு வந்துவிட்டது. அன்று விட்டுப்போன எழுத்து அதன் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை யார் பார்த்தார்கள்?

அந்த நாட்களில் கல்வியமைச்சு சும்மா இருந்துவிடவில்லை. வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தலுக்கு ஒரு கையேடு போட்டது. 2021 பிப்ரவரியில் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அக்கையேடு மூன்று வழிகளை ஏற்றுக்கொண்டது. ஒன்று, இணையத்தின் வழி நேரடியாக நடக்கும் பாடம். இரண்டு, இணையம் இல்லாமல் பாடநூல், பயிற்சித்தாள், தொலைக்காட்சி முதலியவற்றைக் கொண்டு படிக்கும் பாடம். மூன்று, பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்து நடத்தும் பாடம். இணையமும் கருவியும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அமைச்சு அறியாமல் இல்லை. அறிந்துதான் எழுதியது. ஆகவே கையேட்டை எழுதியவர்கள்மேல் நாம் குறை சொல்லப் போவதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் எழுதப்பட்டன. பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது ஒரே வழி. அது கைப்பேசி வழி. காலையில் வாட்சாப் குழுவில் பாடம் வரும். பதினொரு மணிக்குள் செய்து, படம் பிடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். திரையில் முகம் தெரிந்தால் பிள்ளை வந்தது. தெரியாவிட்டால் வரவில்லை. இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும், ஓர் ஆசிரியரோ தலைமையாசிரியரோ தாமாக மனம் வைத்த இடங்களில் மட்டும் நடந்தன. அத்தகைய ஆசிரியர்கள் நம்மிடையே இருந்தார்கள். பயிற்சித்தாள்களைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் வந்து, கேட்டுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களை இந்தத் தொழிலாளர் சமூகம் மறக்காது. ஆயினும் ஒரு பிள்ளையின் படிப்பு ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி இருக்கலாமா? நல்ல மனம் உள்ளவர் மாற்றலாகிப் போய்விட்டால் பிள்ளையின் கதி என்ன?

அமைச்சின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் அது வெளியிட்ட ஆய்வு, 893,331 மாணவர்களைப் பற்றி அவர்களின் பெற்றோர் 670,118 பேரிடம் கேட்டது. எந்தக் கருவியும் இல்லாத மாணவர்கள் 36.9 விழுக்காடு. கைப்பேசி உள்ளவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி உள்ளவர்கள் 9 விழுக்காடு. நூறு பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். இது நாடு முழுவதற்குமான கணக்கு. மாடி வீட்டையும் மர வீட்டையும் கூட்டி வகுத்த சராசரி. லயத்தை மட்டும் தனியாக எண்ணினால் எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்லி வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

“இப்போது காலம் மாறிவிட்டதே, கைப்பேசி இல்லாத வீடு உண்டா?” என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் தோட்டத்து வீட்டின் காலைப் பொழுதை அறியாதவர்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் புருஷனும் மனைவியும் பெரட்டுக்குப் போகிறார்கள். நிரையில் மரம் வெட்டி, கோப்பைப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நடுப்பகல் ஆகிவிடும். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி தகப்பனின் சட்டைப் பையில் காட்டுக்குப் போகிறது. மழை வந்தால் மண்டோர் கூப்பிடுவார். உடம்புக்கு முடியாமல் போனால் மனைவிக்குச் சொல்ல வேண்டும். அதைப் பிள்ளையிடம் விட்டுப் போக முடியாது. வகுப்பு நடப்பதோ காலை ஒன்பது மணிக்கு. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். மூத்தவள் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம், நடுவிலவன் ஆண்டு ஐந்து, கடைக்குட்டி ஆண்டு ஒன்று. மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. ஒரு கைப்பேசியை மூன்றாக வெட்ட முடியுமா? வீட்டில் கைப்பேசி இருப்பது வேறு. வகுப்பு நேரத்தில் பிள்ளையின் கையில் கைப்பேசி இருப்பது வேறு. கருவியைக் கணக்கெடுக்கிறவர்கள் இந்த வேற்றுமையைக் கணக்கெடுப்பதில்லை.

கருவி கிடைத்தாலும் செலவு நிற்பதில்லை. கிராணி உத்தியோகம் பார்க்கிறவனுக்குக் கூட்டிக் கழிக்கும் பழக்கம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் காட்டி நடத்தும் வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை விழுங்கும். இரண்டு பிள்ளைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதத்தில் இருபது நாள் என்றால் எண்பது மணி நேரம். நாற்பது முதல் எண்பது ஜிபி. பத்து வெள்ளிக்கும் இருபது வெள்ளிக்கும் டாப்-அப் போடும் வீடு இதை எப்படித் தாங்கும்? 2020இல் குறைந்தபட்சச் சம்பளம் நகராண்மைப் பகுதிகளில் 1,200 வெள்ளியாகவும் மற்ற இடங்களில் 1,100 வெள்ளியாகவும் இருந்தது. அதில் அரிசியும் பருப்பும், பள்ளி பஸ்ஸும், ஊர்க்கூட்டுச் சீட்டும் போக ஐந்நூறு வெள்ளிக்கு ஒரு கைப்பேசி என்றால் மாதச் சம்பளத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். அரசாங்கம் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 80 லட்சம் பேருக்குத் தலா 180 வெள்ளி தொலைத்தொடர்பு உதவி ஒதுக்கியது. அரசு சார்ந்த நிறுவனங்களின் 15 கோடி வெள்ளியைக் கொண்டு, 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினியோ பலகைக் கணினியோ கொடுக்கும் செர்டிக் திட்டமும் வந்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் அறிவிப்பு 2020 நவம்பரில். பகிர்வோ 2021இல் கட்டம் கட்டமாகவே நடந்தது. பாடம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இதன் பலனை அமைச்சின் இன்னொரு கணக்கு காட்டியது. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலை வரை பள்ளியை விட்டு நின்றுவிட்ட மாணவர்கள் 21,316 பேர். இவர்கள் அத்தனை பேரும் கைப்பேசி இல்லாததால்தான் நின்றார்கள் என்று நாம் கூறவில்லை. குடும்ப வருமானம் போனதால் வேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு; படிப்பில் மனம் விட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை எப்படி மனம் விடுகிறது என்பதை நாம் அறிவோம். ஒரு நாள் பாடம் புரியவில்லை. மறுநாள் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்துக் குழுவில் தன் பெயர் “வரவில்லை” என்ற பட்டியலில் இருப்பதை மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் பார்க்கிறார்கள். வெட்கம் வருகிறது. அதன் பிறகு கேட்டால் “எனக்குப் படிப்பு ஏறாது” என்கிறது. ஏறாத படிப்பு அன்று, எட்டாத படிப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை மக்குப் பிள்ளைகள் என்று எழுதிவைத்துவிடலாம்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயக் கல்வி. தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது கல்விச் சட்டம். நல்ல சட்டம். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அச்சட்டம் பெற்றோரைக் கட்டுகிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்தில் நடக்கும்போது மறுபக்கத்துக்கும் ஒரு கட்டு இருந்தது: கட்டடம், மேசை, கரும்பலகை, ஆசிரியர், பாடநூல் யாவும் அரசாங்கத்தின் பொறுப்பு. பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தால் போதும். பள்ளி வீட்டுக்கு மாறியவுடன் என்ன நடந்தது? மேசை நம் பொறுப்பு. கருவி நம் பொறுப்பு. மின்சாரம், இணையம், வெளிச்சம், அமைதி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், எல்லாம் நம் பொறுப்பு. வகுப்பறையின் முழுச் சுமையும் ஒரே இரவில் லயத்து வீட்டின் தலையில் இறங்கியது. கையேடோ வழிகாட்டி மட்டுமே, சட்டமன்று. பிள்ளைக்குப் பாடம் வராமல் போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கத் தகப்பனுக்கு வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டிய கயிறு கட்டு ஆகாது.

தோட்டத் தொழிலாளர்க்கு இது புதிய வழக்கு அன்று. நம் பாட்டன் காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. பிள்ளைகள் காட்டுக்குள் இருந்தார்கள். பள்ளி பட்டணத்தில் இருந்தது. அப்போது வந்த தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? 1923ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருந்தால் தோட்ட நிர்வாகம் அங்கே பள்ளி வைத்தாக வேண்டும். பிள்ளை பள்ளியைத் தேடிப் போகட்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. பள்ளி பிள்ளையைத் தேடி வரட்டும் என்றது. அந்தப் பள்ளிகளின் இலட்சணம் நமக்குத் தெரியும். தகரக் கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு, சில இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் வாத்தியார். வெள்ளைக்காரத் துரைமார் அன்பு மிகுந்து அவற்றை வைத்தார்கள் என்று யாரும் ஏமாற வேண்டாம். தொழிலாளி தோட்டத்தில் தங்க வேண்டுமானால் பிள்ளைக்கு ஏதாவது வழி செய்தாக வேண்டியிருந்தது. இருந்தபோதிலும் அந்த விதியில் ஒரு நியாயம் இருந்தது. எண்ணிக்கை சொன்னது, வயது சொன்னது, பொறுப்பாளி யார் என்றும் சொன்னது. இந்நாட்டில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றால், அவற்றுள் பலவற்றின் வேர் அந்தத் தகரக் கொட்டகைகளில்தான் இருக்கிறது. அடிமைத்தனம் மிகுந்த அந்தக் காலத்து விதிக்கு இருந்த தெளிவு, சுதந்திர நாட்டின் விதிக்கு இருக்கக் கூடாதா?

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். பெருந்தொற்று நாட்களில் அவர்களும் துன்பப்பட்டார்கள். சொந்தப் பணத்தில் இணையம் வாங்கினார்கள். தம் பிள்ளைகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். பகலில் வகுப்பு, இரவில் திருத்தம், இடையில் பாரங்கள் என்று ஓய்வின்றி உழன்றார்கள். தொழிலாளி தொழிலாளிக்குப் பகையாக முடியாது. ஆசிரியரின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அச்சடிப்பதற்குப் பணம், கொண்டு சேர்ப்பதற்குப் போக்குவரத்துப் படி, அந்த வேலைக்கு அட்டவணையில் நேரம் ஆகியவற்றை அமைச்சு கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். 150 பேருக்கு மேற்படாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் காரியத்துக்கு அது ஒரு பலம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், லயத்தின் எண்ணும், தாய் எந்த நிரையில் வெட்டுகிறாள் என்பதும் தெரிந்த பள்ளிக்கு, பாடத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது முடியாத காரியமா?

“தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்ற பழைய பல்லவியும் உண்டு. அக்கறை இல்லாதவர்கள் எங்கும் இருப்பார்கள், பங்களாவிலும் இருப்பார்கள். ஆனால் ஒரு தாய் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவளிடம் ஆண்டு ஐந்தின் அறிவியலைப் பிள்ளைக்கு விளக்கச் சொல்லிவிட்டு, அவள் விளக்கவில்லை என்றால் அக்கறை இல்லை என்பது என்ன நியாயம்? பாடம் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் தொழில். பிள்ளையை உட்கார வைப்பதும், செய்தாயா என்று கேட்பதும், செய்த தாளைத் திருப்பிக் கொடுப்பதும் பெற்றோரின் கடமை. எல்லையை இப்படிப் பிரித்துச் சொன்னால் எந்தத் தாயும் தன் பங்கைச் செய்வாள்.

இனி வரும் மூடல்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறோம். பெருந்தொற்று போய்விட்டது, இனிமேல் இந்தப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட முடியாது. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் 2,000க்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டதை நாம் பார்த்தோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடுவதென்று 2023இல் அமைச்சு அறிவித்தது. ஆண்டுக் கடைசியில் மழைக்காலம் வந்தால் கிழக்குக் கரையில் ஆறு ஊருக்குள் வருகிறது. இனிப் பள்ளி மூடினால் “வீட்டிலிருந்து படிக்கட்டும்” என்ற ஒரு வரி அறிவிப்பு உடனே வந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதை அமைதியான நாட்களிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது.

நாம் கோருவன ஆறு:

முதலாவது: ஒவ்வொரு பள்ளியும் வகுப்புவாரியாக ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன கருவி இருக்கிறது, அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள், காலையில் அது வீட்டில் இருக்குமா, அங்கே அலைவரிசை கிடைக்கிறதா என்பவை அதில் இருக்க வேண்டும். தவணைக்கு ஒரு முறை அது திருத்தப்பட வேண்டும்.

இரண்டாவது: கருவியோ இணையமோ இல்லாத காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் “வரவில்லை” என்று குறிக்கக் கூடாது. வருகையைத் திரையில் தெரியும் முகத்தைக் கொண்டு கணக்கிடாமல், அந்த வாரத்தில் பிள்ளை செய்து கொடுத்த வேலையைக் கொண்டு கணக்கிட வேண்டும். வராதவர் பட்டியலைப் பொதுக் குழுவில் போடுவது அடியோடு நிறுத்தப்பட வேண்டும்.

மூன்றாவது: பள்ளி மூடிய மூன்று நாட்களுக்குள், பதிவேட்டில் கருவி இல்லை என்று உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சடித்த பாடக்கட்டு கையில் கிடைக்க வேண்டும். கொண்டுவரும் நாளும், திருப்பி எடுக்கும் நாளும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இதன் செலவு அமைச்சைச் சேர்ந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உண்டியலைச் சேர்ந்தது அன்று.

நான்காவது: இணைய வகுப்பு நடத்தப்படும் இடங்களில் பாடத்தைப் பதிவு செய்து, மாலையில் பார்த்துப் படிக்க வழி வேண்டும். பெற்றோர் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில் பிள்ளை செய்த வேலையை ஒப்படைக்கவும் இடம் தர வேண்டும்.

ஐந்தாவது: தோட்டத்தில் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓர் இடம் வேண்டும். பொது மண்டபமோ, ஆட்கள் குறைந்து பூட்டிக் கிடக்கும் வீடோ எதுவானாலும் சரி. மேசை, விளக்கு, இணையம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். தொழிலாளர்க்கு வீடு, தண்ணீர், மின்சாரம் முதலிய குறைந்தபட்ச வசதிகளைக் கட்டாயமாக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தில் இணையத்தையும் சேர்க்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். கோபுரம் நடவும் கம்பி இழுக்கவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். நிர்வாகம் சம்மதிக்காமல் இருந்துவிட்டு, “அலைவரிசை இல்லை” என்று கையை விரிப்பதற்கு இடம் வைக்கக் கூடாது.

ஆறாவது: பள்ளி திறந்த பிறகு, விட்டுப்போன பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து வேலை வராத பிள்ளையைத் தேடிப் பள்ளியிலிருந்து ஆள் வர வேண்டும். அபராதம் சொல்வதற்காக வேண்டாம். என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக வர வேண்டும்.

இவற்றில் எதுவும் சந்திரனைக் கேட்பதாகாது. பெரும்பாலானவை கையேட்டின் இரண்டாம் வழியிலும் மூன்றாம் வழியிலும் ஏற்கெனவே அடங்கியவை. “செய்யலாம்” என்று இருப்பதைச் “செய்தாக வேண்டும்” என்று மாற்றுங்கள் என்பதே நம் கோரிக்கையின் சாரம். சம்பள உடன்படிக்கையில் அந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “கொடுக்கலாம்” என்று எழுதிய போனஸை எந்த முதலாளி கொடுத்திருக்கிறார்?

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதும் சங்கத்துக்கு அழகல்ல. நம் பங்கும் உண்டு.

கிராணிமார் நண்பர்களுக்கு முதலில் சொல்கிறோம். ஆபீசில் கணினி இருக்கிறது, அச்சு இயந்திரம் இருக்கிறது. நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, பள்ளி அனுப்பும் பாடத்தை அச்சடித்துக் கொடுப்பது உங்களால் முடியும். நாள் தவறாமல் செக்ரோல் எழுதும் கைக்குப் பத்துப் பிள்ளைகளின் பெயர் எழுதுவது பாரமாகாது. உதவித் தொகைக்கும் கருவிக்கும் மனுப் போடும் பாரங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும், அதுவும் இணையத்தில் வருகின்றன. எழுதத் தெரியாமல் விட்டுப்போன உதவி எத்தனை! ஒரு தொழிலாளிக்கு ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுப்பது பத்து மேடைப் பேச்சுக்குச் சமம்.

தோட்டக் கமிட்டித் தோழர்களே, உங்கள் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த மாதக் கூட்டத்திலேயே எண்ணுங்கள். செம்பனை வந்து ரப்பர் குறைந்துவிட்டது. பல லயங்களில் நம்மவர்கள் பத்து வீடாகச் சுருங்கிவிட்டார்கள். ஆள் குறைந்த இடத்தில்தான் குரல் கேட்காமல் போகும். ஆகவே எண்ணிக்கை சிறியதானாலும் எழுதி அனுப்புங்கள். நம் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வேற்று நாட்டுத் தொழிலாளியின் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் நம் பாட்டனும் இந்த மண்ணுக்குப் புதியவனாக, பெயர் தெரியாத ஆளாக இறங்கியவன்தான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசி வீட்டுக்கு வந்த பிறகு அது படத்துக்கும் பாட்டுக்கும் மட்டும் ஆகிவிட்டால், நாம் கேட்கும் நியாயத்துக்கு நாமே குழி பறித்தவர்களாவோம். மாலையில் ஒரு மணி நேரம் அது பிள்ளையுடையது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். பாடம் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். தாள் வந்ததா, திருப்பிக் கொடுத்தாயா என்று கேளுங்கள். வராவிட்டால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நான்கு பேர் சேர்ந்து போங்கள். கேட்பது உரிமை, கெஞ்சுவது அன்று.

கல்வியமைச்சுக்கு நம் கடைசி விண்ணப்பம் இதுதான். அடுத்த விதியை எழுத உட்காரும்போது, நல்ல அலைவரிசையும் தனி அறையும் உள்ள பிள்ளையை முன்னால் வைத்து எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு ஓர் அடிக்குறிப்புப் போடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குத் தாயும் தகப்பனும் காட்டில் இருக்க, கைப்பேசி இல்லாமல் லயத்து வாசலில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்டு மூன்று மாணவியை முன்னால் வைத்து எழுதுங்கள். அவளுக்குப் பாடம் போய்ச் சேரும் விதி எல்லாருக்கும் போய்ச் சேரும்.